வாசம் போன வீடு

ராஜபாளையம்,
19.1.2025

பூரணத்துக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், நாலாவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதில் என்னால் கத்த முடியாது. நீ பாதியில் கீழே போட்டாலும் மிச்சத்தைப் பிறகு எடுத்து வாசித்துக்கொள்ளலாம்.

பியூலா எப்படி இருக்கிறாள்? புது வருஷத்தன்று சர்ச்சிலிருந்து வந்த கையோடு அவள் உதடு நீலம் பாய்ந்து, மூச்சை இழுக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டுக்குள்ள கெமிக்கல் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டபோது நான் இல்லை என்று தலையாட்டினேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "பின்கட்டு பூராம் பினாயிலும் ஆசிட்டும்தான் சார். இவுக தொழிலே அதான்" என்றாய். அத்தனை பேர் முன்னால் மானம் போய்விட்டதே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் "ஒங்க அண்ணன் வீட்டுக்கே போயிரு" என்றேன். நீ மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவாய் என்று நினைக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மானத்தை நினைத்தவன் நான். இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேன், டிரம், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் பின்தெருவில் பட்டாளத்துச் சாம்சன் அண்ணன் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். இனிமேல் கலக்குவது, அடைப்பது எல்லாம் அங்கேதான். வண்டியும் அங்கேதான் நிற்கிறது. நீ போனில் சொன்னபடி ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி, கல் உப்பு தொட்டுத் தரை முழுக்கத் தேய்த்தேன். பினாயில் விற்கிறவன் எலுமிச்சம்பழத்தை வைத்து வீடு கழுவினான் என்று தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். இப்போது வீட்டில் ஒரு பொட்டு வாசம் கிடையாது. மலைக்காற்றுதான் வருகிறது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. உன் அண்ணன் ஆல்வின் மச்சான் ஏதும் சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன்.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
24.1.2025

பியூலா அப்பாவுக்கு,

தபால்காரர் கொடுத்த கவரில் யார் பேர் இருக்கிறது என்று பார்க்க எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பிரிப்பதற்கு முன்னாலேயே பினாயில் வாசம். அடுப்படியிலிருந்து மதினி எட்டிப் பார்த்து, "யாரு, ஒங்க வீட்டுக்காரரா வந்திருக்காரு?" என்று கேட்டார்கள். அந்த அளவுக்கு வாசம்.

ஒரு பொட்டு வாசம் இல்லை என்று எழுதிய காகிதத்திலேயே இவ்வளவு அடித்தால் வீட்டில் எவ்வளவு இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இது பிள்ளையின் மூச்சு. கவரை நான் கையில் வைத்திருந்தபோதே அவள் இரண்டு தடவை இருமினாள். மாடிக்கு எடுத்துப் போய் வாசித்துவிட்டு, துணி காயும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன்.

எலுமிச்சம்பழம் மேல் அழுக்கைத்தான் எடுக்கும். நம் வீட்டுச் சிமெண்டுத் தரை ஒன்பது வருஷமாகப் பினாயில் குடித்திருக்கிறது. ஒரே நாளில் அது கக்கிவிடாது. இங்கே மகளிர் குழுவில் வீட்டுச் சாமானை வைத்தே வீடு கழுவச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டையை உடைத்து ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துப் பிசைந்தால் நுரை வரும். வடிகட்டி ஒரு வாளித் தண்ணீரில் விட்டுத் தரையைத் தேயுங்கள். பிறகு வெறும் தண்ணீர். பிறகு ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வையுங்கள். ஒரு நாள் இல்லை, தினமும். சுவரில் இருக்கிற பெயிண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். மெத்தையை வெயிலில் போடுங்கள்.

கலக்குவதைக் கொட்டகைக்கு மாற்றினேன் என்கிறீர்கள். கலக்கிய கையோடுதானே வீட்டுக்கு வருகிறீர்கள்? அந்தத் தொழிலையே விடாமல் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். அண்ணன் வீட்டில் இருப்பது எனக்கும் முள்ளின் மேல் இருப்பதுதான். இருந்தாலும் வர மாட்டேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்,
3.2.2025

பூரணத்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கிழிக்கப் போனேன். பொய்யன் என்று எழுதாமலேயே எழுதியிருந்தாய். சத்தியமாக எனக்கு வாசம் எதுவும் தெரியவில்லை பூரணம். நீதான் என் மேல் உள்ள வெறுப்பில் இல்லாததை எழுதுகிறாய் என்று நினைத்தேன்.

அதை நிரூபிக்கத்தான் சாம்சன் அண்ணனைக் கூப்பிட்டு வந்தேன். கதவைத் திறந்ததும் மனுசன் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏலே, கண்ணு கரிக்கில்லா? ஒனக்குத் தெரியலயா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் என் கண்ணைத் துண்டால் கட்டினார். தலைவலித் தைலத்தை மூக்கில் வைத்தார். சில்லென்று எரிந்தது, வாசம் இல்லை. காப்பித் தூளை வைத்தார். ஒன்றும் இல்லை. பிறகு செத்த நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். "என்னண்ணே, அடுத்தத வையுங்க" என்றேன்.

"வச்சு எடுத்துட்டேம்லே. கருவாடு" என்றார்.

எனக்கு மூக்கு செத்துப்போயிருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கொரோனாவில் போனது திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் போனதா, ஆசிட் கேனைத் திறந்து திறந்து போனதா, இங்குள்ள காது மூக்கு தொண்டை டாக்டராலும் சொல்ல முடியவில்லை. "பாப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். போன வருஷம் நான் அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் பால் தீய்ந்து போனதற்கு நீ கத்தினாயே, அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். யாராவது "வாசம் கம்மியா இருக்குண்ணே" என்றால் இன்னொரு மூடி சென்ட் ஊற்றுவேன். இத்தனை நாள் மூடியை எண்ணித்தான் தொழில் செய்திருக்கிறேன். வீட்டுக்குள்ளும் அப்படித்தான் ஊற்றியிருப்பேன். பிள்ளை இருமும்போதெல்லாம் குளிர் காற்று என்று ஜன்னலைச் சாத்தியவனும் நான்தான்.

பியூலா தலையில் எண்ணெய் வாசம் எனக்குக் கடைசியாக எப்போது தெரிந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை.

இனி பினாயிலைத் தொட மாட்டேன். நீ சொன்ன பூந்திக்கொட்டையை வாங்கி ஊறப்போட்டுவிட்டேன். ஆனால் வீடு சுத்தமாகிவிட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.2.2025

பியூலா அப்பாவுக்கு,

கடிதத்தை மாடியில் வைத்து மூன்று தடவை வாசித்தேன். உங்களைப் பொய்யன் என்று நினைத்தது தப்பு. நான் மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் "வாசம் தெருமுக்கு வரைக்கும் வருதுட்டி" என்பீர்களே, அதுவும் நான் சந்தோஷப்பட வேண்டும் என்று சொன்னதுதானா? பரவாயில்லை. பதில் எழுத வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாவிட்டால் எனக்குத் தெரியும். ஒரு வழி சொல்கிறேன். வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணி ஒன்றை வீட்டுக்கூடத்தில் ஏழு நாள் தொங்கவிடுங்கள். பிறகு ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி அனுப்புங்கள். நான் மோந்து பார்த்துச் சொல்கிறேன். துணியில் வாசம் இல்லாத அன்றைக்கு நாங்கள் வருகிறோம். டாக்டரும் அதுவரைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்.

கக்கூஸ் பீங்கானில் உப்புக் கறை ஏறியிருக்கும். அதற்கு ஆசிட்டைத் தேடாதீர்கள். வினிகரை ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு ஆப்ப சோடா தூவிப் பிரஷ் போடுங்கள். பித்தளைக் குழாய்க்குப் புளி. சமையல் மேடைக்கு எலுமிச்சை மூடி. ஜன்னல் கண்ணாடிக்கு வினிகர் நனைத்த பேப்பர். எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு பாட்டிலில் ஊறப்போட்டு மூன்று மாதம் வைத்தால் தரை துடைக்கலாம் என்றார்கள். போட்டேன். தினமும் மூடியைத் திறந்து காற்று விட வேண்டும் என்பதை ஒரே ஒரு நாள் மறந்தேன். மூடி உத்தரத்தில் அடித்து, மதினியின் புதுப் புடவையில் மொத்தமும் கொட்டிவிட்டது. மூன்று நாளாக என்னிடம் பேச்சு இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். பியூலாவுக்கு இங்கேயும் இழுப்பு நிற்கவில்லை. இந்த வீட்டில் ஒரு துளி பினாயில் கிடையாது. கொசுவர்த்தி கிடையாது. பாய், போர்வை, தலையணை எல்லாம் வெயிலில் போடுகிறேன். உறையை வாரத்துக்கு இரண்டு தடவை வெந்நீரில் துவைக்கிறேன். ஆனாலும் எழுந்திருக்கும்போதே நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம். இன்னும் எதைக் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் கடிதம் கொடியிலிருந்து காற்றில் போய்விட்டது. இதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

பரிபூரணம்


ராஜபாளையம்,
2.3.2025

பூரணத்துக்கு,

சாம்சன் அண்ணனுக்கு அங்கே பென்ஷன் வேலை இருக்கிறதாம். அவர் கையில் துணியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஒரு கைப்பிடி பூந்திக்கொட்டை என்றுதான் எழுதியிருந்தாய். தொழில்காரப் புத்தி, ஒரு படி போட்டுவிட்டேன். கூடத்தில் ஆரம்பித்த நான் பின்வாசலில் போய்த்தான் நின்றேன். நடந்து போகவில்லை, வழுக்கிப் போனேன். இடுப்பில் ஒரு வாரம் தைலம். வாசம் தெரியாததால் எவ்வளவு தடவினேன் என்றும் தெரியாது, சர்ச்சில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

உன் குழுவில் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் இரண்டு விஷயம் சொல். வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாக ஊற்றினால் பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும், பொங்கி முடிந்தால் இரண்டுக்கும் வேலை போய்விடும். தனித்தனியாகத்தான் போட வேண்டும். இன்னொன்று, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது. அதிலிருந்து வருகிற காற்று நெஞ்சைப் பிடிக்கும். இயற்கைச் சாமான்தானே என்று யாராவது ஊற்றிவிடப் போகிறார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சுண்ணாம்பு இரண்டு கை அடித்தாயிற்று. கதவுகளைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். தரையைத் தினமும் தேய்க்கிறேன். இருபத்தேழு நாள் ஆகிறது.

பூந்திக்கொட்டைத் தண்ணீரையே பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று வண்டியில் எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போனேன். ஒரு அம்மா திறந்து மோந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, தண்ணியக் குடுக்கீங்க?" என்றது. தரைக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது என்று விளக்கினேன். "வாசமே இல்லாமத் தொடச்சா, நான் தொடச்சேன்னு எங்க மாமியாளுக்கு எப்படித் தெரியும்?" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரு தெருவிலும் ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. இருந்தாலும் பினாயிலைக் கையால் தொடவில்லை. அதை நீ நம்பலாம்.

துணி என்ன சொல்கிறது என்று உடனே எழுது.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.3.2025

பியூலா அப்பாவுக்கு,

துணியை மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாசமும் வெயில் வாசமும்தான் இருந்தது. என்னை நானே நம்பாமல் மதினியையும் கண்ணை மூடச் சொல்லி மோந்து பார்க்கச் சொன்னேன். "புதுத் துணியா?" என்றார்கள். அப்படியே அழுதுவிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

பிறகுதான் கடிதத்தை எடுத்தேன்.

கடிதத்தில் பினாயில் வாசம் அடிக்கிறது. அதற்கு மேலே ரோஸ் சென்ட். உங்களுக்குத் தெரியாததால்தான் தைரியமாக எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். வீட்டில் தொங்கிய துணியில் இல்லாதது உங்கள் கை பட்ட காகிதத்தில் மட்டும் எப்படி வந்தது? வீடு உங்களைவிட யோக்கியமாக இருக்கிறது.

கைப்பிடித்து வந்தவளிடம் பொய் சொல்வது ஒன்றும் உலகத்தில் நடக்காதது இல்லை. ஆனால் உங்கள் மூக்காக இருக்கிறேன் என்று சொன்னவளிடம் சொன்னீர்கள். நான் உங்கள் பேச்சை நம்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பத்திரமாக வைக்கிறேன் என்று எழுதிய அந்த இரண்டாவது கடிதத்தையும் காணவில்லை. மதினி குப்பையில் போட்டிருப்பார்கள். போட்டால் போடட்டும்.

பரிபூரணம்


ராஜபாளையம்,
16.3.2025

பூரணத்துக்கு,

நான் பொய்தான் சொன்னேன். சாம்சன் அண்ணன் கொட்டகையில் பிப்ரவரி கடைசியிலிருந்து மறுபடியும் கலக்குகிறேன். கையில் உறை போட்டுக்கொண்டேன், வேறு சட்டை வைத்துக்கொண்டேன், அவர் தோட்டத்து மோட்டாரில் பூந்திக்கொட்டையும் அரப்பும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைத்தேன். போய்விட்டது என்று நினைத்தேன். நான் சுத்தமாகிவிட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. உன்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வேறு வேலை தேடாமல் இல்லை. மில்லில் கேட்டேன், சேர்த்துக்கொள்கிறேன் என்றார்கள். டாக்டரிடம் போய்ச் சொன்னால், "பஞ்சுத் தூசிய சட்டையில ஒட்டவச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா அது இதவிட மோசம்" என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி வெளுக்கிற இடத்தில் ஆள் எடுத்தார்கள். உள்ளே நுழைந்ததுமே கண் எரிந்தது, அது நம்ம சரக்கின் பெரியண்ணன். ஏ.டி.எம். காவலுக்குக் கேட்டேன், கேமரா வைத்துவிட்டோம் என்றார்கள். கொத்தனாருக்குக் கையாள் போனால் சிமெண்டுத் தூசி. இந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் ஏதோ ஒன்று மேலே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அரிசியும் அவள் மூச்சுக்கு அடிக்கிற பம்பு மருந்தும் வாங்கவாவது ஏதாவது செய்ய வேண்டாமா?

வீடு சுத்தமாகிவிட்டது என்று நீயே எழுதிவிட்டாய். அதை வாசித்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அடுத்த வரியை வாசிக்கிற வரைக்கும்.

என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஜெபக்குமார்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
6.4.2025

பியூலா அப்பாவுக்கு,

பதறாதீர்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை, இங்கே சேர்த்த பள்ளிக்கூடத்தில் வைத்து மூச்சு முட்டி, டீச்சர் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உங்களுக்குப் போன் செய்ய எடுத்தேன். நீங்கள் ஓடி வருவீர்கள், வந்து அவளைத் தூக்குவீர்கள், அது ஆகாதே என்று வைத்துவிட்டேன். அதற்காக என்னைத் திட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பைத்தியம் மாதிரி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். உறையைத்தான் இதுவரைக்கும் துவைத்திருக்கிறேன். தலையணையையே பிரித்துப் பஞ்சை மாற்றுவோம் என்று தையலைப் பார்த்தால், ஒரு ஓரத்தில் பிரிந்து, கோணல்மாணலாகப் பச்சை நூலில் தைத்திருந்தது. கையை விட்டேன். பஞ்சுக்கு நடுவே நான்கு கடிதங்கள். கொடியிலிருந்து காற்றில் போனது, மதினி குப்பையில் போட்டது என்று நான் நினைத்தது எல்லாம் அங்கேதான் இருந்தது. கடைசியாக வந்ததும் இருந்தது.

"ஏட்டி, அப்பா லெட்டர எதுக்கு இதுக்குள்ள வச்ச?" என்று கேட்டேன்.

"லெட்டர் இல்லம்மா. அப்பா" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"அப்பா வாசம். நீ வெயில்ல போட்டா போயிருதுல்லா? அதான் உள்ள வச்சுத் தச்சேன். மூஞ்சிய அமுக்கிப் படுத்தா அப்பா பக்கத்துல படுத்திருக்க மாதிரி இருக்கும்."

அடிக்கக் கையை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு நான் அழ, "நான் இனிமே இருமாம இருக்கேம்மா, எடுத்துராத" என்று அவள் அழுதாள். உலகத்துக் கொட்டை, இலை, பழம் எல்லாவற்றையும் போட்டு இந்த வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் முகத்துக்குக் கீழேயே நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

அவள் பிறந்த நாளிலிருந்து அதுதான் உங்கள் வாசம். நமக்குத்தான் அது பினாயில்.

கடிதங்களை எடுத்துவிட்டேன். இரண்டு நாளாக விசில் சத்தம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், இனி எழுதாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பரிபூரணம்


ராஜபாளையம்,
18.5.2025

பூரணத்துக்கு,

இது சாம்சன் அண்ணன் கையெழுத்து. நான் அவர் வீட்டு வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று சொல்கிறேன், அவர் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறார். காகிதம், பேனா, கவர், பசை எதையும் நான் தொடவில்லை. பயப்படாமல் பிரிக்கலாம். பியூலா கையில் கிடைத்தாலும் ஒன்றும் செய்யாது.

ஆறு வாரமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வீடு சுத்தமாக இருக்கிறது. கழுவினால் போகாதது நான் ஒருத்தன்தான். அதனால் நான் போகிறேன். சேத்தூரில் தெரிந்தவர் தோப்பை ஒட்டி ஒரு ஓட்டு அறை கொடுத்திருக்கிறார். கலக்குவது, படுப்பது எல்லாம் இனி அங்கேயே. என் துணிமணி, செருப்பு, சீப்பு, பல்விளக்குகிற பிரஷ் வரைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டேன். நான் படுத்த பாயை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு சாம்சன் அண்ணனும் அவர் வீட்டு அக்காவும் சேர்ந்து வீடு முழுவதையும் மறுபடி பூந்திக்கொட்டை போட்டுக் கழுவிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். சாவி அக்காவிடம் இருக்கிறது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிடு. அவள் பழைய பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு போகட்டும். நீயும் எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டில் மதினி முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாய்? செலவுக்கு அக்காவிடம் கொடுத்துவிடுவேன், உன் கையில் வந்துசேரும். வேறு தொழில் கிடைக்கிற வரைக்கும்தான் இப்படி. எப்போது கிடைக்கும் என்று கேட்காதே.

பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. போனில் முகம் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். போன வாரம் பார்த்தேனே, அவள் திரையில் மூக்கை வைத்து வைத்து எடுத்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

(தங்கச்சி, இது நான் சாம்சன் எழுதுவது. அவன் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் பத்து நிமிடம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவனுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.)

ஜெபக்குமார்


ராஜபாளையம்,
15.6.2025

பியூலா அப்பாவுக்கு,

சேத்தூர் முகவரி சரியா என்று தெரியவில்லை, சாம்சன் அண்ணன் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

நாங்கள் வந்து பதினைந்து நாள் ஆகிறது. வீட்டைப் பார்த்ததும் நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கல்யாணமாகி வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இல்லை. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். பியூலாவுக்கு ஒரு நாள்கூட இழுக்கவில்லை. பம்பை எடுக்கவே இல்லை. தெருவில் ஓடுகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், ராத்திரி வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். வீட்டைக் கழுவினோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்று முதலில் இதை எழுதினேன். இனி எழுதப்போவதை எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வந்த அன்றைக்கு அவள் பையைக்கூட இறக்காமல் ஒவ்வொரு இடமாகப் போய் மோந்து பார்த்தாள். நீங்கள் சட்டை மாட்டுகிற ஆணி, கட்டில் சட்டம், பின்கட்டுச் சுவர், குளியலறைக் கதவு என்று எல்லா இடத்திலும் மூக்கை வைத்தாள். மூக்கில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நான் அடுப்படியில் ஏதோ வேலையாக இருப்பது மாதிரி நின்றேன். மறுநாளும் அப்படியே செய்தாள். அப்பா சேத்தூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

நேற்று சோறு ஊட்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாரா?"

"ஏட்டி, என்ன பேச்சு இது? போன்ல பாத்தேல்லா?"

"அது போனும்மா. ஸ்டெல்லா டீச்சரோட தாத்தா செத்த பொறவும் போன்ல பேசுதாரு, டீச்சர் காட்டுனாங்க. அப்பா இருந்தா வாசம் இருக்கும்லா?"

நான் என்ன சொல்லியும் நம்பவில்லை. நான் அழுததைப் பார்த்து, செத்துப்போனது உண்மைதான் என்று முடிவே செய்துவிட்டாள். சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். "நான் அழுதா இழுப்பு வரும்லா, அதான் அழல" என்று என்னையே தேற்றினாள். உங்களை இந்த வீட்டிலிருந்து கழுவி எடுக்க நான்தான் வழி சொல்லிக்கொடுத்தேன். பூந்திக்கொட்டை எவ்வளவு என்றுகூட அளந்து சொன்னேன். பிள்ளைக்கு மூச்சு கிடைத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. இதற்கு மேல் என் புத்திக்கு எட்டவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை ஒன்பதரைக்கு முடியும். நாங்கள் சர்ச் கேட்டில் வந்து நிற்போம். நீங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடை வாசலில் நில்லுங்கள். இப்போது காற்று மலையிலிருந்து கிழக்கே பார்த்துத்தான் அடிக்கிறது. நேற்றும் இன்றும் போய் முந்தானையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கமிருந்து உங்கள் பக்கம்தான் போகிறது. காற்று திரும்பினால் நான் கையைக் காட்டுவேன், உடனே போய்விடுங்கள்.

அவள் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். கையை ஆட்டுங்கள், நடந்து காட்டுங்கள், சிரியுங்கள். அவள் ஓடி வரப் பார்ப்பாள், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளை அழுகிறாளே என்று நீங்கள் மட்டும் ரோட்டைத் தாண்டி வந்துவிடாதீர்கள்.

பரிபூரணம்